புள்ளி விழுந்த வயலுக்காக ஒரு கற்பூரச் சத்தியம்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் மரியாதை. ஒரு வட்டை முழுவதிலும் நோயை எதிர்த்து நின்ற ஒரே ஒரு வயலைப் பார்த்து, "இது முடிந்தது, உழுது விடுங்கள்" என்று தீர்ப்புச் சொன்ன பயிர்நோய் உத்தியோகத்தர் நான்தான். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னேன். எஞ்சினைக்கூட நிறுத்தவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, அந்த நாளில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. "அந்தச் சேர், வண்டியில இரிந்தபடியே நோய் சொல்லிப்போடுவார்" என்பார்கள். நான் அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் இறங்காததற்குக் காரணம் என் வயிறு. இறங்கினால் மறுபடி ஏறுவதற்கு யாராவது ஹாண்டிலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிப்பவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சிரிப்பார். அதைவிட வண்டியில் இருந்தபடியே மேதையாக இருப்பது சுகம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருசத்துப் பெரும்போகம் அது, மாரி மழையை நம்பி விதைக்கும் போகம். செங்கலடிக்கு மேற்கே ஒரு வட்டை. பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே போனால் இன்றைக்கும் ஒரு சட்டி எருமைத் தயிர் கிடைக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் வயல்களின் கூட்டத்தை இங்கே வட்டை என்போம். அதற்கு விவசாயிகள் தெரிந்தெடுத்த தலைவர் வட்டவிதானை. இந்த வட்டையின் விதானையார் தம்பிப்பிள்ளை. நல்ல மனுசன், நல்ல குரல், அந்தக் குரலைத் தானே கேட்பதில் தீராத பிரியம். வட்டைக்காரருக்கு வட்ஸ்அப் குழு ஒன்று வைத்து, கோழி கூவுவதற்கு முன்னமே குரல்பதிவு அனுப்பிவிடுவார். கோழிகள் பிறகு கூவி என்ன பயன் என்று விட்டுவிட்டதாகக் கேள்வி.

அந்த வட்டையில் சறோஜா என்ற பெண், குத்தகைக்கு எடுத்த வயலில், என் சொல்லைக் கேட்டு, எரிபந்தத்தைத் தாங்கும் புது நெல் இனம் ஒன்றை விதைத்திருந்தார். மற்ற எல்லாரும் வழக்கமான இனம். எரிபந்தம் உங்களுக்குத் தெரியும். இலையில் கண்ணைப் போல நீண்ட புள்ளி, அதன் நடுவில் சாம்பல் நிறம், முற்றினால் வயலே நெருப்புப் பட்டது மாதிரி நிற்கும். சறோஜாவின் புருசன் முதுகு நோயோடு வீட்டில். நிலக்காரர் முன்னமே சொல்லிவிட்டார், இந்தப் போகம் விளையாவிட்டால் அடுத்த போகம் நிலம் வேறு ஆளுக்கு என்று. என்னை நம்பி விதைத்த நெல் அது.

மார்கழிப் பனி இறங்கிய ஒரு காலையில் விதானையாரின் குரல் என் போனில் ஒலித்தது. "சேர், சறோஜாட வயலில புள்ளி விழுந்திட்டு. அந்தப் புது நெல்லாலதான் வந்திரிக்கி. சுறுக்கா வாங்க."

போனேன். வரம்பில் ஒரு கூட்டம். சறோஜாவின் வயல் முழுக்க இலைகளில் தவிட்டு நிறப் புள்ளிகள். சுற்றிலும் இருந்த வயல்களோ பச்சைப் பசேல். பக்கத்தில் விதானையாரின் வயல் இன்னும் ஒரு படி மேலே. யூரியாவைத் தாராளமாக வீசி, கரும்பச்சையாக நிறுத்தி வைத்திருந்தார். பார்த்த உடனே யாருக்கும் விளங்கும், எது நோய் வயல், எது நல்ல வயல் என்று. எனக்கும் விளங்கியது. அங்கேதான் பிழை நடந்தது.

"எரிபந்தம்தானே சேர்?" என்று கேட்டார் விதானையார்.

"ஓம். வேறென்ன?"

"மத்த வயலுக்கும் பரவுமா?"

"பரவாமல்?"

"அப்ப உழுது மண்ணுக்குள்ள தாக்கிறதுதான் வழி."

நான் தலையை ஆட்டினேன். மத்தியான நேரம், பசி, சுற்றிலும் ஆட்கள், எல்லாருக்கும் ஒரே பதில் வேண்டும், அதுவும் உடனே. அந்த மாதிரி நேரத்தில் தலை தானாக ஆடும். உங்களுக்கும் ஆடும். ஆடுகிற தலையைப் பிடித்து நிறுத்துவதற்குத்தான் சம்பளம் என்று எனக்கு அப்போது தெரியாது.

சறோஜா மட்டும் அசையவில்லை. "நீங்கதானே சேர் இந்த நெல்லத் தந்த. ஒருக்கா இறங்கிப் பாருங்களன்."

"இங்கேயிருந்தே தெரியுது தங்கச்சி."

அவர் வயலுக்குள் இறங்கி, ஒரு கைபிடி இலையைப் பிடுங்கி வந்து, என் சேட்டுப் பைக்குள் திணித்தார். "அப்ப வீட்ட கொண்டு போய்ப் பாருங்க. நல்லா கதிரையில சாஞ்சிரிந்து பாருங்க."

கூட்டம் சிரித்தது. விதானையார் சிரிக்கவில்லை. "நாளைக்கு வெள்ளன உழவு மெசின் வரும்" என்று அறிவித்தார். வட்ஸ்அப்பிலும் அறிவித்தார்.

செங்கலடியில் ஹனீபா காக்காவின் பயிர்க் கிருமிநாசினிக் கடைக்குப் போனேன். ஏறாவூர் மனுசன், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். யார் போனாலும் முதலில் தேத்தண்ணி, பிறகுதான் வியாபாரம்.

"வாங்க சேர். என்ன, மொகம் வாடிப்போய் இரிக்கி?"

"ஒரு வயலுக்குச் சாவு எழுதிப்போட்டு வாறன் காக்கா" என்றேன், பெரிய வைத்தியர் மாதிரி. காக்காவுக்கு ஒரு பாடம் எடுத்துவிடலாம் என்று ஆசை வந்தது. போத்தல்களில் காலாவதித் திகதி வாசிக்க அவர் வைத்திருந்த பூதக்கண்ணாடியை வாங்கி, பையிலிருந்த இலையை மேசையில் விரித்தேன். "இஞ்ச பாருங்க, எரிபந்தம் எண்டால் புள்ளி கண் மாதிரி இருக்கும். நடுவில சாம்பல்..."

சாம்பலைத் தேடினேன். இல்லை. கண்ணைத் தேடினேன். இல்லை. ஊசியால் குத்தியது மாதிரிச் சின்னச் சின்னப் புள்ளிகள், முழுக்கத் தவிட்டு நிறம், ஓரம் வெட்டினது போல முடிந்திருந்தது. தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"எங்க சேர் சாம்பல்?" என்றார் காக்கா.

"அதைத்தான் நானும் தேடுறன்."

நீங்கள் இதையெல்லாம் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருப்பீர்கள். ஆனாலும் என் பாணியில் ஒருமுறை சொல்கிறேன், பிறகு அது வேண்டும். எரிபந்தப் பங்கசின், அதாவது பூஞ்சணத்தின், வித்தி காற்றில் வந்து இலையில் ஒட்டி, ஊசி போல் ஒரு முளையை உள்ளே இறக்குகிறது. அது முரட்டு வேலை. அதற்குப் பிறகு நடப்பது நாகரிகமான வேலை. பங்கசு சின்னச் சின்னப் புரதங்களைச் சுரந்து, பயிரின் கலங்களுக்குள், செல் என்கிறார்களே அதற்குள், அனுப்புகிறது. சில புரதங்கள் பங்கசின் உடம்பை மூடி மறைக்கின்றன. சில நேரே போய்ப் பயிரின் அபாய மணியின் நாக்கைப் பிடித்துக்கொள்கின்றன. மணி அடிக்காது. பயிர் பச்சையாக, சந்தோசமாக நிற்கும். உள்ளே விருந்து நடக்கும். சில நாள் கழித்துத்தான் இலையில் கண் திறக்கும்.

எதிர்ப்புள்ள இனத்தில் நடப்பது வேறு. அந்தப் புரதங்களில் ஒன்றை அடையாளம் காணும் காவல் அதற்குள் இருக்கிறது. கண்ட உடனே, பங்கசு நுழைந்த கலத்தைப் பயிர் தானே கொன்றுவிடும். உயிருள்ள கலத்தில் வேர் பிடிக்க வந்த பங்கசு அங்கேயே பட்டினி கிடந்து முடியும். வெளியே தெரிவது ஓர் ஊசிப் புள்ளி. அதாவது புள்ளி விழுந்த வயல் சண்டையில் வென்றுகொண்டிருக்கிறது. புள்ளியே இல்லாத வயல்...

நான் கண்ணாடியை வைத்துவிட்டு எழுந்தேன். வித்தி சறோஜாவின் வயலை மட்டும் விலாசம் பார்த்துத் தேடி விழாது. வட்டை முழுக்க விழுந்திருக்கிறது. மற்றவர்களின் பயிர் இன்னும் சத்தம் போடவில்லை, அவ்வளவுதான்.

ஆய்வுகூடத்துக்குப் போன் எடுத்தேன். அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பிள்ளை மரியாதையாகப் பேசினார். "மாதிரியை அனுப்புங்க சேர், அடுத்த கிழமை முடிவு தாறன்." நாளைக் காலையில் மெசின். அடுத்த கிழமை முடிவு. அப்போது என் மனதில் ஒரு யோசனை வந்ததை மறைக்க மாட்டேன். பேசாமல் வீட்டுக்குப் போனால் என்ன? உழுத வயலில் புள்ளியை யாரும் பரிசோதிக்க முடியாது. என் பிழையும் அதோடு மண்ணுக்குள் போய்விடும். கௌரவமாக ஓய்வு பெறலாம். இப்படி ஒரு வசதி உங்களுக்கும் ஒரு நாள் வரும். மிகவும் நல்ல வசதி. அதனால்தான் சொல்லி வைக்கிறேன்.

திரும்பி வட்டைக்குப் போனேன். சறோஜா வரம்பில் தனியாக நின்றார். இந்த முறை இறங்கினேன்.

"ஆ, சேருக்குக் கால் இரிக்கி" என்றார்.

செருப்பைச் சேறு விழுங்கியது. இன்னும் ஒரு சந்தேகம் எனக்கு. இவை இப்போதுதான் தொடங்கிய நோய்ப் புள்ளிகளாக இருந்து, நாளைக்குக் கண்ணாகப் பெருத்தால்? குனிந்து, கீழே இருந்த மூத்த இலைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். அங்கே பழைய புள்ளிகள், காய்ந்து கறுத்தவை. அவையும் ஊசி அளவிலேயே நின்றுவிட்டிருந்தன. ஒன்றுகூடப் பெருக்கவில்லை. பிறகு விதானையாரின் வயலில் இறங்கி இலைகளைத் தடவினேன். பளபளவென்று பச்சை. ஒரு புள்ளி கிடைக்குமா என்று தேடினேன், ஒன்றுகூட இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. பின்னேரப் பூசைக்கு வட்டைக்காரர் எல்லாரும் அம்மன் கோயிலில்தான். சேறு காயாத காலோடு போய் நின்றேன்.

"விதானையார், நான் மத்தியானம் சொன்னது பிழை. சறோஜாட வயலை உழவேணாம்."

"என்ன சேர், சாப்பிட்டாப் பிறகு நோய் மாறிட்டா?"

"அதோட இன்னொண்டு. எண்ணெய் அடிக்க வேண்டியது உங்கட வயலுக்கு. பச்சையா நிக்கிற எல்லா வயலுக்கும். யூரியாவையும் நிப்பாட்டுங்க."

இங்கே எண்ணெய் என்றால் பயிருக்கு விசிறும் மருந்து. கூட்டத்தில் ஒருவர் மெல்லக் கேட்டார்: "சேர் ஹனீபா காக்காட கடையில இரிந்ததை நான் கண்டன். கமிசன் எவ்வளவாம்?"

அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்றே கேட்கவில்லை, அவ்வளவு சிரிப்பு. புள்ளி விழுந்த வயலை விட்டுவிட்டு நல்ல வயலுக்கு மருந்து அடிக்கச் சொல்கிற மனுசன் நான். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். புரதம், கலம் என்று தொடங்கினேன். இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். கடைசியில் கலியாண வீட்டைக் கையில் எடுத்தேன்.

"ஒரு கலியாணத்துக்குக் கூப்பிடாத ஒருத்தன் வாறான். பொம்பிளைப் பகுதியிட்டப் போய், நான் மாப்பிள்ளைப் பகுதி எண்டு சிரிக்கிறான். மாப்பிள்ளைப் பகுதியிட்டப் போய், பொம்பிளைப் பகுதி எண்டு சிரிக்கிறான். எல்லாரும் கும்பிட்டு இருத்திச் சோறு போடுறாங்க. அந்தச் சிரிப்புத்தான் பூஞ்சணம் சுரக்கிற புரதம். சறோஜாட நெல்லில ஒரு மாமி இரிக்கிறா. அவவுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். அவ சத்தம் போட மாட்டா. அவன் இரிக்கிற பந்தலையே கொளுத்தி விடுவா. அந்த எரிஞ்ச பந்தல்தான் புள்ளி."

விதானையார் தாடையைச் சொறிந்தார். "அப்ப எங்கட வயலில?"

"உங்கட வயலில மாமி இல்ல."

"அப்ப இப்ப அவன் எங்கட பந்தலில இரிந்து சாப்பிட்டுக் கொண்டா இரிக்கிறான்?"

"ஓம். ரெண்டாம் தரமும் சோறு கேட்டிருப்பான்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆனால் விதானையார் லேசுப்பட்டவர் இல்லை. "கதை நல்லா இரிக்கி சேர். மத்தியானம் வண்டியில இரிந்து சொன்னதும் நல்லாத்தான் இரிந்த. எதை நம்புற? அம்மாளுக்கு முன்னால கற்பூரத்தில அடிச்சுச் சொல்லுங்க, சறோஜாட புள்ளி பரவாதெண்டு. சொன்னால் மெசினைத் திருப்புறன்."

தீபத்தட்டில் கற்பூரம் கொளுத்தி, அதை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது இந்தப் பக்கத்து வழக்கம். பொய் சொன்னால் அம்மன் பார்த்துக்கொள்வா. பூசை செய்யும் கட்டாடியார் தட்டை ஏந்திக்கொண்டு என் முன்னே வந்துவிட்டார். தூணோரம் சறோஜா என்னையே பார்த்தபடி நின்றார்.

என் வேலைக் காலம் முழுக்க நான் எழுதிய அறிக்கைகளில் 'பெரும்பாலும்', 'சாத்தியம் உண்டு', 'மேலதிக ஆய்வு தேவை' என்ற மூன்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது என் கையெழுத்துத்தான். இப்போது என்ன சொல்வது?

"பெரும்பாலும் பரவாது" என்றேன்.

"அம்மாளுக்கு முன்னால பெரும்பாலும் எண்டொரு சத்தியம் இரிக்கா சேர்?"

"இப்ப இருக்கிற நிலைமையில பரவாது."

"நிலைமையை ஆரு கேட்ட?"

"சேர்," என்றார் கட்டாடியார், "கற்பூரம் முடியப் போகுது. இது ஒண்டுதான் மிச்சம் இரிந்த."

தம்பி, தங்கச்சி, பரவாது என்று நான் எப்படிச் சத்தியம் பண்ண முடியும்? பங்கசுக்கும் எனக்கும் ஒப்பந்தம் ஒன்றும் இல்லை. ஆனால் என் கண்ணுக்கும் எனக்கும் ஒப்பந்தம் உண்டு. அதைப் பற்றி மட்டும் சொல்லலாம்.

"நான் இறங்கிப் பார்த்தன்" என்றேன். "பழைய இலையில இருக்கிற புள்ளி ஒண்டும் பெருக்கயில்ல. ஒண்டிலயும் சாம்பல் இல்ல. இது பயிர் தானே சுட்ட புள்ளி. பார்த்ததைச் சொல்றன், பார்க்காததைச் சொல்லயில்ல." சொல்லிவிட்டுக் கையை அடித்தேன். அறிக்கை எழுதுகிற வேகத்தில் அடித்துவிட்டேன் போல. உருகிய கற்பூரம் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. நான் போட்ட கூத்தைப் பார்த்து அம்மனே சிரித்திருப்பா.

விதானையார் போனை எடுத்து, மெசின்காரனுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினார். "நாளைக்கு வரவேணாம். மறுகா சொல்றன்." அவர் வாழ்க்கையில் அனுப்பிய ஆகச் சின்னப் பதிவு அதுதான்.

பாதிப் பேர் மருந்து அடித்தார்கள். மீதிப் பேர் அடிக்கவில்லை. விதானையாரும் அடிக்கவில்லை. அவ்வளவு அழகான பச்சைக்கு மருந்து அடிக்க அவருக்கு மனம் வரவில்லை. சில நாளில் அவருடைய வயலில் கண்கள் திறந்தன. நடுவில் சாம்பலோடு, பாடப்புத்தகத்தில் அச்சடித்தது போல. கூப்பிட்டார். போனேன், இறங்கினேன், அவரே ஹாண்டிலைப் பிடித்தார், சிரிக்கவில்லை. அவசர அவசரமாக மருந்து அடித்து, கதிரின் கழுத்துக்கு நோய் ஏறாமல் பாதிக்கு மேல் காப்பாற்றினோம். சறோஜாவின் வயல் அந்தச் சின்னப் புள்ளிகளோடேயே கதிர் தள்ளி, தலை சாய்த்து விளைந்தது. நிலக்காரர் தானாக வந்து குத்தகையை நீடித்தார்.

அதற்குப் பிறகு நான் அடித்த தம்பட்டம் கொஞ்சமல்ல. கூட்டம் கூட்டமாகப் போய், உள்ளங்கைத் தழும்பைக் காட்டி, மாமியின் கதையைச் சொன்னேன். மாமி எல்லா ஊரிலும் கைதட்டு வாங்கினா. கதையின் இரண்டாம் பாதியை எங்கேயும் சொல்லவில்லை. அது கைதட்டு வாங்காத பாதி.

அடுத்த பெரும்போகம் தொடங்கும்போதுதான், ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கையில் உறைத்தது. வாயைக் கொப்பளித்துவிட்டுச் சறோஜாவுக்குப் போன் எடுத்தேன். இந்த முறை அவசரப்படவில்லை. என் உத்தியோக வாழ்க்கையிலேயே ஆகத் தெளிவான விளக்கத்தை அன்றுதான் கொடுத்தேன்.

"தங்கச்சி, கவனமாக் கேளுங்க. மாமிக்குத் தெரிஞ்சது அந்த ஒரு சிரிப்பு மட்டும்தான். பூஞ்சணம் கோடிக்கணக்கில வித்தி போடும். அதில எங்கேயோ ஒண்டு அந்தப் புரதத்தைச் சுரக்காமலே பிறக்கும். வட்டையில பல இனம் நிண்டால் அதுக்குப் பெரிய வாய்ப்பில்ல. ஆனால் எல்லா வயலிலயும் உங்கட நெல்லே நிண்டால், மற்றதெல்லாம் செத்து, அது மட்டும் பிழைச்சுப் பெருகும். பெருகினால் மாமி அவனை அடையாளம் காண மாட்டா. ஒரு வயல் இல்ல, வட்டை முழுக்க ஒரே நேரத்தில போகும். அதனால விதைநெல் கேட்டு ஆக்கள் வந்தால் ரெண்டு மூண்டு பேருக்கு மேல குடுக்காதீங்க. மற்ற ஆக்களை வேற வேற இனம் போடச் சொல்லுங்க. விதானையாரோட நான் கதைக்கிறன். விளங்குதா?"

போனில் காற்றுச் சத்தம் கேட்டது. சறோஜா வயலில் நிற்கிறார் போலும்.

"முழு வட்டையும் அதத்தான் விதைச்சிரிக்கி, சேர்."